கேட்காமல் வைத்த முதல் சீர்

1

சித்தப்பா அனுப்பிய கல்யாணப் பத்திரிகை சென்ற வாரம் தபாலில் வந்து சேர்ந்தது. வாட்ஸப்பில் முன்பே வந்துவிட்டதுதான். ஆனால் மூலையில் மஞ்சள் தடவிய காகிதம் கையில் கிடைத்தால்தான் அழைத்ததாகக் கணக்கு என்பது அவர் கட்சி. உடுமலைப்பேட்டையில் தடவிய மஞ்சள், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் நாங்கள் இருக்கும் இந்தச் சிற்றூர் வரைக்கும் கலையாமல் வந்திருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய நான், சித்தப்பாவோடு பேசிய பிறகு கோபத்தில் அதைச் சமையலறை மேசைமேல் குப்புறப் போட்டேன்.

மாப்பிள்ளை கார்த்தி சித்தப்பாவுக்கு ஒரே பையன். கூடப்பிறந்த பெண் யாரும் இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் சகோதரி, தானும் ஒரு கல்யாணப் பெண்ணைப் போல அலங்கரித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்று ஏற்கும் சீர் அது. கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் அந்த இடத்தில் நிற்பாள். கார்த்திக்குக் காது குத்திய அன்றைக்கே என் அக்கா மல்லிகா, “இவனுக்கு நாந்தான் இணைச்சீரு, இப்பவே சொல்லிப்போட்டேன்” என்று சபையில் அறிவித்துவிட்டாள். இருபத்தாறு வருடமாக அந்தப் பேச்சில் மாற்றம் கிடையாது.

பத்திரிகை வந்த அன்று சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

“தம்பி, ரெண்டு நாள் முன்னாலயே வந்துரோணும். மேடையில நீதான் முன்னால நிக்கோணும், ஆமா.”

“வந்தர்றனுங்க சித்தப்பா. அக்காவுக்கு இணைச்சீர்ச் சீல எடுத்தாச்சுங்களா?”



“அது வந்து... வேற பங்காளி ஊட்டுப் புள்ள ஒண்ணு செய்யறன்னுருக்குது. மல்லிகாவுக்கு எதுக்கு வீண் சிரமம்.”

சிரமமாம். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு தம்பி பக்கத்தில் நிற்பதில் யாருக்கு என்ன சிரமம்? காரணம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். போன வருடம் இதே மாதம் நடந்த ஒன்றுக்கான தண்டனை இது. நான் செய்த தப்புக்கு, அக்காவுக்குத் தண்டனை. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

2

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை. இங்கே சனிக்கிழமை என்றால் காலியான பாட்டில்களைக் கடையில் கொண்டுபோய் மெஷினில் போட்டுச் சில்லறை வாங்க வேண்டும், படிக்கட்டு துடைக்கும் முறை நம்முடையது என்றால் துடைக்க வேண்டும், பகல் ஒரு மணிக்கு மேல் சத்தம் போடக் கூடாது. நான் துடைப்பமும் கையுமாக நின்றபோது அக்காவின் அழைப்பு வந்தது.

“தம்பி, சித்த பேசலாமா? ஒரு சீர் வட்டம் ஆரம்பிச்சிருக்கறாங்க. எல்லாம் போன்லயேதான். நம்மாளுகளே சேர்ந்து ஒருத்தருக்கொருத்தர் கைதூக்கி உடறது. நீ எனக்கு மொதல் சீரு வெக்கோணும் சாமி.”

அக்காவின் வீட்டுக்காரர் தென்னந்தோப்பை நம்பிப் பிழைப்பவர். வேர்வாடல் நோய் வந்து நாற்பது மரம் பட்டுப்போயிற்று. வெட்டிவிட்டுத் தென்னம்பிள்ளை வைக்கப் பணம் வேண்டும். அவள் அதைக்கூட என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். தம்பியிடம் பணம் கேட்பது அவளுக்குக் கூச்சம். சீர் வைக்கச் சொல்வது உரிமை. அந்த வித்தியாசம் தெரிந்த யாரோதான் இந்தத் திட்டத்துக்குச் சீர் வட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

வட்டத்தில் பதினைந்து இடம். வெளிச்சுற்றில் எட்டுக் குரும்பை, அதாவது பிஞ்சு, அதற்குள் நான்கு இளநீர், அதற்குள் இரண்டு தேங்காய், நடுவில் ஒரு கொப்பரை. தென்னை வைத்திருக்கிறவர்களுக்குப் புரிகிற பாஷையிலேயே வலை பின்னியிருந்தார்கள். புதிதாக வருகிறவர் குரும்பை. ஒவ்வொரு குரும்பையும் நடுவில் இருக்கும் கொப்பரைக்கு ஒரு லட்சம் ‘சீர்’ வைக்க வேண்டும். எட்டும் சேர்ந்ததும் கொப்பரை எட்டு லட்சத்தை எடுத்துக்கொண்டு விலகிவிடுவார். வட்டம் இரண்டாக உடையும், எல்லோரும் ஒரு படி உள்ளே போவார்கள், புதிய குரும்பைகளைத் தேட வேண்டும். அக்கா ஏற்கெனவே ஒரு லட்சம் வைத்து இளநீர் வரைக்கும் வந்திருந்தாள். அவளுக்குக் கீழே உட்கார ஆள் வேண்டும்.

ஒரு நிபந்தனையும் உண்டு. சீர் வைக்கிறவர் ஒரு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். வாசகத்தை அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்: “நான் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், எதையும் திரும்ப எதிர்பார்க்காமல், மனசார இந்தச் சீரை வைக்கிறேன்.”

வீடியோ எடுத்தவள் என் மகள் மது. வயது பதினாறு, இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேசும்போது பாதியில் ஜெர்மனுக்குத் தாவிவிடுவாள். நான் கம்பெனிப் பெயர் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு, பின்னால் பனி தெரியும்படி ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டேன். வெளிநாடு என்று தெரிய வேண்டுமாம். அதுவும் அவர்கள் சொன்னதுதான். மது போனைத் தாழ்த்திவிட்டு, “அப்பா, அத்தை என்ன விக்கறாங்க?” என்று கேட்டாள்.

“எதுவும் விக்கறதில்ல.”

“அப்புறம் அந்த எட்டு லட்சம் எங்கிருந்து வருது?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “உனக்கு நம்ம சனத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. சீருக்குக் கணக்குக் கேக்கக் கூடாது. எடு” என்றேன். எடுத்தாள்.

3

பணத்தை அனுப்பினால் வங்கி நிறுத்தி வைத்துவிட்டது. நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. இந்த நாட்டில் எதற்கும் கடிதம்தான். எங்கள் தபால் பெட்டியை நான் பயத்தோடுதான் திறப்பேன்.

வங்கியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். அக்காவின் வயது இருக்கும். ஜெர்மன் மொழியில் மரியாதைக்கு ஒரு வடிவமும் நெருக்கத்துக்கு ஒரு வடிவமும் உண்டு. எதற்கெடுத்தாலும் ‘ங்க’ போட்டே வளர்ந்த எனக்கு மரியாதை வடிவம்தான் நாக்கில் நிற்கும். பக்கத்து வீட்டு நாயைக்கூட நான் “உட்காருங்கள்” என்றுதான் சொல்லுவேன், தெருவே சிரிக்கும். அந்தப் பெண்மணியிடமும் அப்படியே பணிவாகத்தான் ஆரம்பித்தேன்.

“பணம் பெறுகிறவர் உங்களுக்கு யார்?”

பணம் போகவேண்டியது அக்காவுக்கு இல்லையே. கொப்பரையாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணிக்கு. திருப்பூரில் இருக்கிறார் என்பதைத் தவிர அவரைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. “வங்கியில் கேட்டால் சொந்தக்காரர் என்று சொல்லுங்கள்” என்று வட்டத்திலிருந்து முன்கூட்டியே குறிப்பு வந்திருந்தது. அந்தக் குறிப்பைப் படித்தபோதே எனக்குச் சுரணை வந்திருக்க வேண்டும். நல்ல காரியத்துக்கு யாராவது பொய் சொல்லச் சொல்லிக் கொடுப்பார்களா?

“சொந்தக்காரர்” என்றேன்.

“எதற்காக?”

“அன்பளிப்பு.”

“அவருக்குக் கல்யாணமா, பிறந்த நாளா?”

“எங்கள் வழக்கம்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “முன்பின் தெரியாதவருக்கு அன்பளிப்பு அனுப்பச் சொல்லி யாராவது உங்களைக் கேட்டார்களா?” என்றார். தங்கள் ஊரில் இப்படிப்பட்டதைப் பனிப்பந்து என்பார்கள், உருள உருளப் பெரிதாகும், கடைசியில் யார்மேலாவது விழும் என்றும் சொன்னார்.

நான் கொதித்துப்போனேன். பதினெட்டு வருடம் வரி கட்டுகிறேன், என் பணத்தை நான் யாருக்குக் கொடுத்தால் இவருக்கு என்ன, நம் ஊர்ச் சீரைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தேன். வெள்ளைக்காரர்களுக்குச் சொந்தபந்தம் என்றால் சந்தேகம் என்று இரண்டு நண்பர்களிடம் போனில் வேறு சொன்னேன். அவர்களும் ஆமாம் போட்டார்கள். என் பொறுப்பில்தான் அனுப்புகிறேன் என்று வங்கியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் பணம் போயிற்று.

4

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் வீடியோ உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் போன் போனாகச் சுற்றியது. “ஜெர்மனியில இருக்கற பையனே வெச்சிருக்கறான், கூடப் பொறந்தவனே வெச்சிருக்கறான்” என்பதுதான் பேச்சு. எங்கள் ஊரில் உடன்பிறந்தவன் வைக்கும் முதல் சீருக்கு இருக்கும் மதிப்பு, பத்திரத்தில் அடிக்கும் சீலுக்குக்கூடக் கிடையாது. இரண்டே வாரத்தில் அந்த வட்டத்தின் எட்டுக் குரும்பையும் நிரம்பிவிட்டது. எட்டில் ஒன்று நான். மற்ற ஏழும் எங்கள் சொந்தங்கள், என் வீடியோவைக் காட்டி அக்கா சேர்த்துவிட்டவர்கள். அதில் ஒருவர் சித்தப்பா; கார்த்தி கல்யாணத்துக்கென்று வைத்திருந்ததிலிருந்து ஒரு லட்சம் எடுத்து வைத்தார்.

எட்டு லட்சத்தையும் எடுத்துக்கொண்டு திருப்பூர்ப் பெண்மணி விலகினார். வட்டம் உடைந்தது. அக்கா தேங்காய் ஆனாள். இன்னும் எட்டுப் பேர், அதற்கப்புறம் இன்னும் எட்டுப் பேர் வந்தால் அவள் கையில் பணம். ஆள் கிடைக்கவில்லை. சொந்தத்தில் மிச்சம் இருந்தவர்கள் ஆளுக்கொரு வட்டத்தில் ஏற்கெனவே குரும்பையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கூட்டம் நடத்திய ஒருவர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டார், முகத்தைக் காட்ட மாட்டார், குரல் மட்டும் வெல்லப்பாகு. ஒரு கூட்டத்தில் நான் முதன்முதலாக வாயைத் திறந்து, இனிமேல் ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“ஏனுங்க, நீங்க நம்ம பக்கத்து ஆளுதானுங்களே? இது மொதலீடு இல்லீங்க, சீருங்க. சீரு வெச்சுப்போட்டுத் திருப்பிக் கேக்கறது நம்ம வழக்கமுங்களா? மனசாரக் குடுக்கறேன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க.”

இத்தனை ‘ங்க’ போட்டு யாரும் என்னைச் செருப்பால் அடித்ததில்லை. எங்கள் மண்ணின் மரியாதையையே எடுத்து எங்கள் வாயில் அடைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு கூட்டம் இல்லை. அதற்கடுத்த வாரம் குரூப்பே இல்லை.

அன்றைக்குத்தான் மது கேட்ட கேள்விக்குக் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் எடுக்க எட்டுப் பேர் வைக்க வேண்டும். அந்த எட்டுப் பேரும் எடுக்க அறுபத்துநான்கு பேர். அவர்களுக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அப்புறம் நாலாயிரத்துச் சொச்சம், முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம், ஆறாவது சுற்றில் இரண்டரை லட்சத்துக்கு மேல். உடுமலைத் தாலுகாவில் மனிதர்கள் போதாமல் தென்னை மரங்களையும் குரும்பையாக உட்கார வைக்க வேண்டியதுதான். எங்கே நின்றாலும் எட்டுப் பேரில் ஒருவர் எடுப்பார், ஏழு பேர் விடுவார்கள். நடத்துகிறவர் யோக்கியராகவே இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இதற்கு ஒரு இன்ஜினியர் வேண்டுமா? நான் இன்ஜினியர். வருமுன் போடாமல் வந்தபின் போட்டேன். பாளையில் பிடிப்பதில் பாதிக்குமேல் குரும்பையிலேயே உதிர்ந்துவிடும் என்று தினமும் தோப்பில் பார்க்கிறவர்கள் எங்கள் சனங்கள். அவர்களும் போடவில்லை.

மொய்யோடு இதை ஒப்பிட்டுப் பேசிய எல்லோரையும் கேட்கிறேன். மொய் வைக்கிற வீட்டில் ஒரு பெண் இருப்பாள், ஒரு மாப்பிள்ளை இருப்பான். சாப்பிட்டுவிட்டுத்தான் வருவோம். யார் வைத்தது என்று நோட்டில் இருக்கும், நம் வீட்டு விசேஷத்துக்கு அது திரும்பி வரும். இங்கே பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, பந்தியும் இல்லை. யார் என்றே தெரியாத ஒருவருக்கு மொய். உண்மையான சீருக்கு “எதிர்பார்க்காமல் வைக்கிறேன்” என்று யாராவது சாட்சி வீடியோ எடுப்பார்களா? இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் ஆச்சு என்று வாசலில் நிறுத்துவார்களா? ஆள் பிடித்தால்தான் பணம் என்றாலே அது பணச் சுழற்சி. நம் நாட்டுச் சட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது, அன்பளிப்பு என்று பெயர் சூட்டினால் தடை விலகாது என்று பின்னால் ஒரு வக்கீல் சொன்னார். பின்னால்.

5

அக்கா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். காலை பத்து மணிக்குப் போனவளைச் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒருவர் அவள் போனை வாங்கி, என் வீடியோவையும் அவள் வீடியோவையும் ஓடவிட்டுப் பார்த்தார்.

“ஏம்மா, மனசாரக் குடுக்கறேன்னு நீங்களே சொல்லியிருக்கறீங்க. உங்க தம்பியும் சொல்லியிருக்கறாரு. பணம் உங்களுக்கு வரவுமில்ல. சேர்த்துவிட்டதென்னமோ நீங்கதான். நான் யார் மேல கேசு எழுதட்டும், உங்க மேலயா?”

மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு நாளைக்கு வரச் சொன்னார்கள். நாளைக்கு என்பது இன்னும் வரவில்லை.

அக்காவுக்கு ஒரு பைசா வரவில்லை. அவளுடைய லட்சமும் போயிற்று. ஆனால் ஏழு வீட்டிலும் அவளைத்தான் திருடியைப் போலப் பார்க்கிறார்கள். நோம்பி, பண்டிகைக்கு அழைப்பதில்லை. கடைவீதியில் எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். அதே ஏழு வீட்டிலிருந்தும் எனக்குப் பொங்கல் வாழ்த்து வந்தது. இரண்டு பேர் பையனுக்கு ஜெர்மனியில் மேல்படிப்பு விசாரித்தார்கள். முதல் சீர் வைத்து எல்லோரையும் குழியில் இறக்கிய எனக்கு மேடையில் முதல் இடம். அவளுக்கு மேடையே இல்லை.

பத்திரிகை வந்த அன்று போனில் சித்தப்பாவிடம் இதைத்தான் கேட்டேன். அவர் நல்லவர், மறைத்துப் பேசத் தெரியாதவர்.

“உன்ற வீடியோவப் பாத்துத்தான் தம்பி நானும் வெச்சேன். இல்லேங்கல. ஆனா அத்தன தூரத்துல இருக்கறவன்கிட்ட யாரு போயிக் கோவிச்சுக்கறது? நாளைக்கு ஒரு ஒத்தாசைன்னா உன்னயத்தான கேக்கோணும்?”

“அப்ப அக்காள மட்டும்...?”

“அவள மேடையேத்துனா அந்த ஏழு ஊட்டு ஒரம்பரை சனமும் மண்டபத்துக்கு வருமா, சொல்லு. வந்தாலும் மொய் வெக்குமா?”

ஊர் பேர் தெரியாத கொப்பரைக்கு லட்ச லட்சமாக வைத்தவர்கள், இருபத்தாறு வருடம் பார்த்த பிள்ளையின் கல்யாணத்துக்கு மொய் வைக்க மாட்டார்களாம். 

6

முந்தாநாள் மதுவைக் கூப்பிட்டு மறுபடியும் வீடியோ எடுக்கச் சொன்னேன். கோட் போடவில்லை. வீட்டில் உடுத்தும் கைலியோடு அதே ஜன்னலுக்கு முன்னால் நின்றேன். யாரும் எழுதித் தரவில்லை. “மல்லிகா யாரையும் ஏமாற்றவில்லை. நீங்கள் நம்பியது என்னை. நான் எதையும் விசாரிக்காமல் பணம் அனுப்பினேன், வங்கியில் ஒரு அம்மா எதற்கு, யாருக்கு என்று கேட்டதற்குப் பொய் சொன்னேன், என் மகள் கேட்டபோது அவளை அடக்கினேன். கோபம் இருந்தால் என்மேல் காட்டுங்கள். அக்கா நிற்காத மேடையில் நானும் நிற்க மாட்டேன்.” ஒன்றரை நிமிடம். சொந்தங்கள் எல்லோரும் இருக்கும் குடும்பக் குரூப்பில் போட்டேன்.

எல்லோரும் பார்த்துவிட்டதற்கான நீல டிக் வந்தது.  சற்று நேரம் கழித்து ஒரு மாமா காலை வணக்கம் என்று ரோஜாப்பூப் படம் போட்டார். அதற்கு எட்டுப் பேர் கும்பிட்டார்கள். சித்தப்பா மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: சேலை வேறு பெண்ணுக்கு எடுத்தாயிற்று, இனி மாற்ற முடியாது.

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“வீடியோவப் பாத்தேன் தம்பி. இளைச்சுப் போயிட்டயே.”

“சேலை எடுத்துட்டாங்களாம்க்கா. நான் கல்யாணத்துக்கு வர்றதா இல்ல.”

“அது என்ன பேச்சு? கார்த்தி நம்ம பையன். நீ வா. மேடை வேண்டாம், கீழ என்ற பக்கத்துல உக்காரு. நாம ரெண்டு பேரும் மொய் வெச்சுப்போட்டு, சோறு தின்னுபோட்டு வரலாம்.”

சரி என்றேன். அவள் போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“தம்பி, அந்த பேங்க்கு அம்மணி உன்னய எதுக்கு, ஆருக்குன்னு கேட்டுருக்கறாங்க. மது கண்ணு கேட்டுருக்குது. நீ ஏஞ்சாமி என்னய ஒரு வார்த்த கேக்கல? கேட்டிருந்தா நானும் ரோசிச்சிருப்பனே.”

“கேட்டா நீ சங்கடப்படுவீன்னு நெனச்சன்க்கா.”

“இப்பச் சங்கடப்படாம இருக்கறனாக்கும்” என்றாள் அக்கா.